தண்ணீர் செய்முறை

வேதியியல் செய்முறைத் தேர்வை மாசி மாதத்தில் வைத்தவர் விவரம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். திண்டிவனம் வெயிலில், கழுவிக் கவிழ்த்த கண்ணாடிச் சாமான் நாம் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். ஐப்பசியில் வைத்திருந்தால் துடைக்கிற துணிக்கு எங்கே போவது?

விசாரணைக்காக ஐயா விழுப்புரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஆய்வக உதவியாளன் பூமாலையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் வேதியியல் வாத்தியாரான நான் சொன்னதைச் செய்தவன், அவ்வளவுதான். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ப்ளஸ் டூ என்று ஒன்றை எண்பதுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தார்கள். புத்தகம் வந்தது, பாடத்திட்டம் வந்தது, ஐம்பது மதிப்பெண்ணுக்குச் செய்முறை என்று சுற்றறிக்கையும் வந்தது. ஆய்வகம் மட்டும் வரவில்லை. எங்களுக்குக் கிடைத்தது பழைய தையல் வகுப்பறை. தராசு துருப்பிடித்துக் கிடந்தது. எழுதிக் கேட்டேன், நேரில் போய்க் கேட்டேன், பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை வரும் கொஞ்ச ரசாயனத்தைப் பிள்ளைகள் பழகுவதற்குச் செலவழித்தால் தேர்வன்று எதை வைப்பது? ஐயாவே சொல்லுங்கள்.

எனவே நாங்கள் தண்ணீரில் பழகினோம். காரம் இருக்க வேண்டிய குவளையிலும் தண்ணீர், அமிலம் சொட்ட வேண்டிய பியூரெட் குழாயிலும் தண்ணீர். பிப்பெட் என்கிற கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துக் கோடு வரைக்கும் உறிஞ்ச வேண்டும், விரலால் மூட வேண்டும், குடுவையில் விட வேண்டும். "இப்ப ரோஸ் கலர் வந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க" என்பேன். வைத்துக்கொள்வார்கள். "இப்ப போயிடுச்சு" என்பேன். அளவு எவ்வளவு என்று முன்பே சொல்லிக் கொடுத்திருப்பேன், எழுதிக்கொள்வார்கள். சுற்று வட்டாரத்தில் பாதிப் பள்ளிகளில் இப்படித்தான். எங்கள் பள்ளியில் செய்முறையில் யாரும் தோற்றதே இல்லை.

தையல்நாயகி மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள். அப்பா தட்சிணாமூர்த்தி கட்டுமரத்தில் போகிறவர். அவர்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புவரை வந்த முதல் பெண் இவள். நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்று ஆசை, அதற்குச் செய்முறை மதிப்பெண் வேண்டும் என்று அடிக்கடி கேட்டுத் தெரிந்துகொள்வாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். ஒரே ஒரு பழக்கம். உறிஞ்சும்போது அளவு தெரியாமல் வாய் நிறைய இழுத்துவிடுவாள். கழுவுதொட்டி பையன்கள் பக்கம் இருந்தது. வாத்தியார் எதிரில், பையன்கள் நடுவில் போய்த் துப்புவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவள். விழுங்கிவிடுவாள். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். "படிக்க வந்தியா, தாகத்துக்குக் குடிக்க வந்தியாம்மா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். தண்ணீர்தானே.

போன வருஷம் வந்த வெளித் தேர்வாளர் என்னைத் தலைமையாசிரியர் முன்னால் வைத்துச் சிரித்தார். எரிசோடா என்கிற அந்தக் காரம் பழசாகிச் சத்துப் போயிருந்தது, ரோஸ் நிறம் சரியாக வரவில்லை. "என்ன சார், ஒங்க ஊர்ல கெமிஸ்ட்ரிக்கு கலரே கெடையாதா?" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வருஷம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இந்த வருஷம் வருகிறவர் இருதயராஜ் என்று தெரிந்ததும் முன்கூட்டியே போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். "அளவெல்லாம் நான் கிண்டறதில்ல சார். கலர் வரணும், அவ்ளோதான்" என்றார்.

கலர் வர வேண்டும். தராசு இல்லை. பாட்டிலில் காரம் கட்டி தட்டிக் கிடந்தது. குறைத்துப் போட்டு மறுபடி அவமானப்படுவதைவிடக் கூட்டிப் போடுவதே பத்திரம் என்று முடிவு செய்தேன். கம்பியால் இடித்து முழுப் பாட்டிலையும் ஜாடியில் கொட்டிக் கலக்கச் சொன்னேன்.

"சார், ஜாடி சுடுது சார்" என்றான் பூமாலை.

"துணிய வச்சுப் புடிச்சிக்கோ" என்றேன்.

அதற்கு ஈடாக அமிலத்தையும் கூட்டினேன். பிள்ளைகள் எழுதப்போகும் அளவு ஏற்கெனவே மனப்பாடம். கரைசல் எப்படி இருந்தாலும் மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை.

தேர்வன்று காலைப் பிரிவில் முதலில் உறிஞ்சியவன் பெரியசாமி. ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினான். உதடு வீங்கிவிட்டது. அதைப் பார்த்த மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், பிப்பெட்டை வாயருகே பிடித்து நடித்துவிட்டுக் குவளையிலிருந்து நேராகக் குடுவையில் ஊற்றிக்கொண்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. ரோஸ் நிறம் பளிச்சென்று வந்தது. இருதயராஜ் என் தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஆமாம் ஐயா, கரைசல் கடுமை என்று அப்போதே தெரியும். மதியம் மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஓட்டல் சாப்பாடு வந்திருந்தது, இருதயராஜ் ஆய்வகத்திலேயே இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணெதிரில் ஜாடியைத் தூக்கித் தண்ணீர் கலந்தால் என்ன நினைப்பார்? கலரும் மங்கினால்? நான் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மதியப் பிரிவு உள்ளே வந்தது. காலையில் வந்தவர்களோடு இவர்களைப் பேசவிடாமல் தனி அறையில் வைத்திருந்தோம், அது தேர்வு விதி. பெரியசாமி உதடு இவர்களுக்குத் தெரியாது. வாசலில் நின்று, "இன்னிக்கு வாயில இழுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. ஏன் இன்றைக்கு மட்டும் என்று இருதயராஜ் கேட்டால்? இரண்டு வருஷமாகத் தண்ணீர் என்று அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தையல்நாயகி குவளையிலிருந்து ஊற்றவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். வழக்கம்போல வாய் நிறைய இழுத்தாள். தொட்டிப் பக்கம் ஒருமுறை திரும்பினாள். அங்கே இருதயராஜ் நின்றிருந்தார். என்னைப் பார்த்தாள். விழுங்கினாள்.

கத்தவில்லை. இவ்வளவு ஒழுங்கான பெண்ணை நான் பார்த்ததில்லை. குழாயை மெதுவாகத் தாங்கியில் வைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"சார், எரியுது சார். தண்ணி குடிச்சிக்கினு வரட்டுமா சார்?"

இருதயராஜ் தலையைத் தூக்கினார். "என்னவாம்?"

"ஒண்ணுமில்ல சார், பயம்" என்றேன். அவளிடம், "முடிச்சுட்டுப் போம்மா" என்றேன்.

போய் முடித்தாள். நிறம் வந்தது, போனது. மனப்பாடம் செய்த அளவை எழுதினாள், அடிக்கோடு கொஞ்சம் கோணல். மணி அடிக்கும்வரை அந்த இடத்திலேயே எச்சிலைத் தாவணித் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து படியில் விழுந்தபோதுதான் ரத்தம் வாயிலிருந்து வந்தது.

அவளைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, மீதிக் கரைசலைச் சாக்கடையில் கொட்டச் சொன்னேன். பூமாலை கொட்டினான். போலீஸ்காரர் வந்து கேட்டபோது, தேர்வுப் பயத்தில் அவளே குடித்திருக்கலாம் என்றேன். குடித்தவள் அவள்தானே, அதில் பொய் என்ன? அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

பார்க்கப் போனேன். பழம் வாங்கிப் போனேன், தண்ணீர்கூட இறங்காது என்றார்கள். அதைக் கேட்டதும் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கும் மனசு இருக்கிறது ஐயா. அவளுக்குக் குரல் காற்றாகத்தான் வந்தது.

"நான்தான சார் தப்பா பண்ணிட்டேன்?"

"ஆமாம்மா. பிப்பெட்ல இழுத்தா முழுங்கக் கூடாது, துப்பிடணும்" என்றேன்.

அதை அவளுக்கு நான் சொன்னது அன்றைக்குத்தான். பாடம் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மார்க் போய்விடுமா என்று கேட்டாள். ஐம்பதுக்கு ஐம்பது என்று சொன்னேன். அது உண்மை, இருதயராஜிடம் பேசி வாங்கிக் கொடுத்திருந்தேன். சித்திரை பிறந்த வாரத்தில் செத்துப்போனாள்.

போன வாரம் தட்சிணாமூர்த்தியும் அவர் மனைவி காசியம்மாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். நான் சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அந்த அம்மாள் என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் பொண்ணு பண்ண காரியத்தால ஒங்களுக்கு எம்மாம் பேஜாரு சார். விசாரணை வேற வருதாமே. ஒங்கள அவ சாமியாட்டம் நெனச்சிக்கினு இருந்தா சார். அவளை மன்னிச்சிடுங்க."

கரைசலைக் கலந்தது நான். கடுமை தெரிந்தும் வைத்தது நான். தண்ணீர் குடிக்கக் கேட்டவளைத் திருப்பி அனுப்பியது நான். இதையெல்லாம் இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பெற்றவள் அப்படி அழும்போது யாருக்குத்தான் மனசு கல்லாக இருக்கும்? அவளைத் தூக்கி நிறுத்தி, உங்கள் பெண்ணை நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையாகவே மன்னித்துவிட்டேன் ஐயா.