சொந்த முயற்சி குறைவு

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு நான் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை, சார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். எட்டரைக்கு வேலை என்றால் எட்டு இருபதுக்கே குருசுக்குப்பத்திலிருந்து வந்து நிற்பேன்.

எங்கள் கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்கள் ஆறு மாதம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாக வேண்டும். கம்பெனி போடும் மதிப்பெண் பட்டத்தில் சேரும். என்னைத் தகடு வெட்டும் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு மேலதிகாரி விஜயராகவன். முதல் இரண்டு மாதம் ஜெராக்ஸ் எடுத்தேன், மீட்டிங்குக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் வைத்தேன். அப்பா கடலுக்குப் போய்ப் படிக்கவைத்தது இதற்குத்தானா என்று யாரையும் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் நானாகவே தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷின் பக்கம் போய் நின்றேன். அதில் தனம் என்கிற அக்கா வேலை செய்தார். கை குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்தவேண்டிய சென்சாரை உயரமாகப் பொருத்தியிருந்தார்கள். தனம் குள்ளம். அவர் கை அதற்குக் கீழேயே போய்வந்தது. மூன்று வாரம் அளந்து, வரைந்து, புது அமைப்பு ஒன்றைத் தயாரித்தேன். தனம் சலிக்காமல் நின்று அளவு கொடுத்தார். தன் டப்பாவிலிருந்து எனக்கும் கருவாட்டுக் குழம்பு எடுத்துவைப்பார்.

விஜயராகவன் வரைபடத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் அதன்படியே பொருத்தினார்கள். அறிவிப்புப் பலகையில் அவர் பெயரும் போட்டோவும் வந்தன. போய்க் கேட்டேன்.

"நீ ட்ரெய்னிம்மா. ட்ரெய்னி பேரு எதுலயும் வராது."

கோபமாகச் சொல்லவில்லை. டீ ஆறிவிட்டது என்பதுபோலச் சொன்னார். பிறகு என் மதிப்பீட்டுத் தாளில் எழுதினார்: சொந்த முயற்சி குறைவு.

அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததில் மறுநாள் சோறு மெல்ல முடியவில்லை. அவ்வளவுதான். யாரிடமும் கத்தவில்லை.

சென்னையிலிருந்து பெரிய வாடிக்கையாளர்கள் வருவதாகவும், அவர்களுக்கு விஜயராகவன் தன் சென்சாரைக் காட்டப்போவதாகவும் சொன்னார்கள். எப்போதும் ஒரு மரக்கட்டையை நீட்டித்தான் காட்டுவார். கட்டை நுழைந்ததும் மிஷின் நின்றுவிடும். அவர்கள் வருவதற்குச் சற்று முன், டீ நேரத்தில் ஆள் இல்லாதபோது கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து ஒரு துண்டு ஒயரை மாட்டினேன். இனி சென்சார் சொன்னாலும் மிஷின் கேட்காது. எல்லார் முன்னாலும் கட்டை நசுங்கும், அவர் முகம் கறுக்கும். நான் நினைத்தது அதைத்தான்.

ஆனால் அவருக்கு அன்று உற்சாகம் அதிகம். கட்டையை ஓரமாக வைத்துவிட்டு, "தனம், நீயே கைய வெச்சிக் காட்டு" என்றார். மிஷின் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. தனம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வெக்கட்டுமா கலை? நீ வரஞ்சதுதான?"

அந்தக் கம்பெனியில் அதை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மிஷினை நிறுத்தும் சிவப்பு பட்டன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். நான் வரைந்ததில் ஏதோ குறை என்று ஆகிவிடும். அதில் குறையே இல்லை, சார். வேண்டுமானால் யாரையாவது விட்டுச் சோதித்துப் பாருங்கள்.

தலையாட்டினேன்.

வலது கையில் நான்கு விரல். கட்டைவிரல் தப்பியது. நான்தான் துப்பட்டாவால் கட்டி, ஆம்புலன்ஸில் கூடவே போனேன். தனம் என்னைத் திட்டவில்லை. தான்தான் கையைச் சரியாக வைக்கவில்லையோ என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். இருக்கலாம் என்றேன். அந்த நேரத்தில் அவரைக் குழப்பக்கூடாது.

பதினோரு நாள் சும்மா இருந்தேன். நேற்று பேப்பரில் படித்தேன். உற்பத்தியைக் கூட்ட விஜயராகவனே ஒயரை மாட்டிப் பாதுகாப்பைத் துண்டித்தார் என்று நீங்கள் அவரைக் கைது செய்திருக்கிறீர்கள். அநியாயமாக ஒருவர் பழி சுமப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

அந்தப் பெட்டிக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அளந்து வெட்டியது நான், முனை சீவியது நான், மாட்டியது நான். அவர் பெயரை அடித்துவிடுங்கள். கலைவாணி, அப்பா பெயர் நாகராஜ். பிழையில்லாமல் எழுதுங்கள், சார்.