சிவப்பு மையில் ஒரு ஹோல்டு

உங்கள் எழுத்தருக்கு நல்ல கையெழுத்து, ஐயா. என் வாக்குமூலத்தில் ஒரே ஒரு திருத்தம். நான் 'ஹோல்டு' என்று சொன்னதை 'தடுத்தேன்' என்று எழுதியிருக்கிறார். அது பொருந்தாது. மாலைப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷம் தலைமை உதவியாசிரியராக அடுத்தவர் எழுத்தைத் திருத்தியே பிழைத்தவன். பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். டெலிபோன் பெண் சொன்னால், லைனில் இருங்கள். அச்சுக்கோக்கும் ஃபோர்மேன் சொன்னால், கோத்த எழுத்தைக் கலைக்காதே. பக்கம் போடுகிறவர் சொன்னால், இந்த இடத்தைக் காலியாக விடு. ஆசிரியர் சொன்னால், இந்த ஜென்மத்தில் வராது. நான் எழுதினால், சரிபார்க்கும்வரை பொறு. சிவப்பு மையில் எழுதி என் மேஜை ஆணியில் குத்திவிடுவேன். குத்தியவனே எடுக்க வேண்டும், ஆசிரியர்கூடத் தொடமாட்டார். அங்கே அப்படித்தான் வழக்கம்.

என் தம்பிக்கு அங்கே நிருபர் வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வந்த மூன்றாம் மாதமே முதல் பக்கத்தில் அவன் பெயர். என் பெயர் ஒருதரம்கூட அச்சில் வந்ததில்லை. உதவியாசிரியனுக்குப் பெயர் போடமாட்டார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில்தான் கொஞ்சம் கஷ்டம். என் மனைவி பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பாள்.

"உங்க தம்பி எழுதுறதப் பாருங்க, அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது."

அந்த வரி நான் சேர்த்தது என்று ஒருநாள் சொன்னேன். "ஆமாமா, எல்லாம் நீங்கதான்" என்று சிரித்தாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. வயிறு எரிந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள். மறைப்பானேன்?

சம்பவத்தன்று காலை ஒன்பதரைக்கு அவன் செய்தி என் மேஜைக்கு வந்தது. மூன்று மாடித் தையல் தொழிற்சாலை. தூணெல்லாம் விரிசல், கட்டடம் எந்த நேரமும் உட்கார்ந்துவிடும் என்று ஒரு பொறியாளர் முதலாளிக்கு எழுதிய கடிதம் அவன் கையில் சிக்கியிருந்தது. அங்கே அன்று காலை ஷிஃப்ட் இல்லை. தையல் பெண்கள் மூன்று மணிக்கு உள்ளே போவார்கள். எங்கள் பேப்பர் ஒரு மணிக்கே தெருவுக்கு வந்துவிடும். அந்தத் தொழிற்சாலை வாசலிலும் விற்கும்.

நன்றாக எழுதியிருந்தான். ஒரு சொல்லை மாற்ற இடமில்லை. பேனாவைத் திறக்காமலே மூன்று முறை படித்தேன். ஆசிரியர் எட்டிப் பார்த்து, "உன் தம்பி பின்னிட்டான்யா. முதல் பக்கம்தானே?" என்றார்.

"சரிபார்க்கணும் சார்" என்றேன்.

அப்புறம் ஹோல்டு எழுதி ஆணியில் குத்தினேன். அந்த இடத்தில் நாய்க் கண்காட்சிப் படம் ஒன்று போட்டோம்.

ஒன்றரைக்குத் தம்பி டெலிபோன் செய்தான்.

"அண்ணே, செய்தி வரலையே?"

"ஹோல்டுல இருக்குடா."

"சரிண்ணே, நீங்க போட்டா காரணம் இருக்கும். நான் நேர்ல போய் அந்தப் பொண்ணுங்ககிட்ட சொல்லிப் பாக்குறேன்."

"பாத்துப் போ" என்றேன். எந்த அண்ணனும் அதைத்தான் சொல்வான்.

வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். அச்சில் வராததை யார் நம்புவார்கள்? பாதிப் பேர் நின்றார்கள், பாதிப் பேர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். போனவர்களை அழைத்துவர அவனும் மாடியேறினான். மூன்றே முக்காலுக்குக் கட்டடம் விழுந்தது. பதினெட்டுப் பெண்கள். அவனோடு பத்தொன்பது.

மறுநாள் அந்தத் தாளை ஆணியிலிருந்து நானே எடுத்து அச்சுக்குக் கொடுத்தேன். முதல் பக்கம், பெரிய எழுத்தில் அவன் பெயர். என் மனைவி அதை வாசிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையும் அவனுக்குத்தான்.

சரிபார்க்க நேரமில்லாமல் போயிற்று என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். பத்தேகாலுக்கே அந்தப் பொறியாளரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன்.

"கடிதம் நான் எழுதினதுதான். இன்னிக்கு ஒரு ஆளையும் உள்ள விடக் கூடாதுங்க. பேப்பர்ல பெருசாப் போடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார்.

நன்றி சொல்லி ரிசீவரை வைத்தேன். அதற்குப் பிறகுதான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். விசாரிக்காமல் ஒரு முடிவுக்கு வருகிற ஆள் இல்லை, ஐயா, நான்.