ஒரு விரல் தண்ணீர்

— முதல் ஆளா நான் போறேன்டி வாத்து. ரெண்டாவதா நீ போ. பேச்சு முடிஞ்சுது.

— முதல் ஆள் மல்லாந்து நீந்தணும். நீ மல்லாந்தா நேராவா போற? நேத்து மூணு தடவை லேன் கயித்துல முட்டிக்கிட்ட.

— ரெண்டு தடவை.

— மூணாவது தடவை அந்த ரிட்டையர்டு போலீஸ்காரர் மேல. அவர் கேஸ் போடாம விட்டது உன் நல்ல நேரம்.

— சிரிக்காத. குளிருது, துண்டை எடு.

— குளிரவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க பாரு தவளை. மூணு வாரம் முன்னால இந்தக் குளத்துக்குத் திரும்பி வந்தியே, ரெண்டு நீளம் போறதுக்குள்ள சுவரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ் கேட்ட.

— ஆம்புலன்ஸ் கேட்கல. தண்ணி கேட்டேன்.

— கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு தண்ணி கேட்ட ஒரே ஆள் நீதான். இன்னைக்கு நாப்பது நீளம் போயிட்டு வந்து, உன் மருந்துக்கடையில மாத்திரைக்கு வேளை சொல்ற மாதிரி, யார் முதல்ல யார் அடுத்ததுன்னு எனக்கே சொல்ற.

— அதுக்காக?

— அதுக்காகத்தான். தவளை நீச்சல்ல உன்னை அடிக்க நாப்பது தாண்டின பொம்பளை எந்த கிளப்புலயும் இல்ல, சத்தியமா. நான் மல்லாந்து, அடுத்தது நீ, அப்புறம் பல் டாக்டர் பட்டாம்பூச்சி, கடைசியா டீச்சர் ஃப்ரீஸ்டைல். சின்ன வயசுல நீந்தின அதே நாலு பேர், அதே ரிலே. ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்குப் போட்டி. பேர் குடுத்தாச்சு.

— என்னைக் கேட்காமலா?

— கேட்டா குடுக்க முடியுமா?

— வேற ஆளைப் பாரு.

— வேற ஆள் கிடையாது. நீ ஏறலைன்னா நாலு பேரும் வீட்டுல உட்கார்ந்து இட்ட முட்டையை எண்ண வேண்டியதுதான். ஏன்டி, தனியா விட்டா மீன் மாதிரி போற. நான் வந்து தொட்டதும் குதின்னா மட்டும் கல்லாட்டம் நிக்கற. இப்ப ஒரு தடவை குதிச்சியே, நான் தொட்டு, மூச்சு வாங்கி, மூக்கைச் சிந்தி முடிச்ச அப்புறம் குதிச்ச.

— குதிக்க வரமாட்டேங்குது.

— வயசு.

— வயசு இல்ல. உனக்கே தெரியும்.

— தெரியும். நீ சொல்லு. மூணு வாரமா ரெண்டு பேரும் அதைச் சுத்திச் சுத்தித்தான் நீந்தறோம்.

— சொல்ல என்ன இருக்கு? அந்தக் கடைசி ரிலேல நீ சுவரைத் தொடறதுக்கு முன்னால நான் குதிச்சேன். முதல்ல வந்துட்டோம். மேல ஏறி நாலு பேரும் கட்டிப்பிடிச்சு ஆடிட்டிருக்கோம், மைக்குல சொல்றாங்க. நாலாம் லேன் செல்லாது, ரெண்டாவது ஆள் முன்னாடியே குதிச்சுட்டாங்கன்னு.

— டீச்சர் அதுக்கப்புறமும் தனியா ஆடிட்டிருந்தா. காதுல தண்ணி.

— கோச் என்னை நிக்க வச்சுத் திட்டினார். பதினேழு வயசு. அன்னைக்கோட நீச்சலை விட்டேன், இருபத்தெட்டு வருஷம்.

— மறுநாளே உங்க வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்க்கப் பிடிக்காம மாடியில ஒளிஞ்சுக்கிட்ட.

— ஒளியல. தூங்கிட்டிருந்தேன்.

— பகல் பதினோரு மணிக்கா? யார்கிட்ட கதை விடற?

— விடு. இன்னொரு தடவை என்னால மூணு பேரோட உழைப்பு வீணாகக் கூடாது. ஒருத்தி பின்னால குதிக்கிற வேலை எனக்கு வேண்டாம்.

— சரி. நான் ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு அடிக்கக் கூடாது.

— பீடிகை போடாத. ஏழரைக்குக் கடை திறக்கணும்.

— அடிக்கறதா இருந்தா துண்டால அடி. செருப்பு வேண்டாம்.

— வாத்து!

— மல்லாந்து வர்றவளுக்குச் சுவர் தெரியாது. மேல கட்டியிருக்கற கொடிதான் தெரியும். கொடியைத் தாண்டினா கை வீசறதை எண்ணணும். எனக்கு அஞ்சு. அஞ்சாவது கை சுவர்ல இருக்கும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அஞ்சு.

— இது தெரியாதா எனக்கு?

— கேளேன். அன்னைக்குப் பக்கத்து லேன்காரி என்னை ஒட்டி வந்தா. யார் முன்னாலன்னு பார்க்கத் தலையைத் திருப்பினேன். எண்ணிக்கை போச்சு. நாலா அஞ்சான்னு தெரியல. குத்துமதிப்பா கையை நீட்டினேன். சுவர் இல்ல.

— ம்.

— இன்னொரு உதை உதைச்சுத்தான் தொட்டேன். அதுக்குள்ள நீ என் தலைக்கு மேல பறந்துட்ட. என் கை ஒழுங்கா வந்திருந்தா நீ குதிச்சது சரியான நேரம். தப்பு என்னோடதுடி. திட்டு வாங்கினது நீ. நான் பக்கத்துல நின்னு காலைப் பார்த்துட்டிருந்தேன்.

— இதை இத்தனை வருஷமா வயித்துக்குள்ளயே வச்சிட்டிருந்தியா?

— சொல்லணும்னுதான் மாசாமாசம் உன் கடைக்கு வருவேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கும். தலைவலி மாத்திரை வாங்கிட்டுத் திரும்பிடுவேன்.

— நான் உனக்கு ஒத்தைத் தலைவலின்னுல்ல நினைச்சேன். நல்ல டாக்டர் பேர்கூட எழுதிக் குடுத்தேனே.

— சத்தியமா எனக்குத் தலைவலியே வந்ததில்ல. வீட்ல ஒரு பிஸ்கெட் டப்பா நிறைய இருக்கு. வேணும்னா திருப்பி எடுத்துக்கோ.

— வித்த சரக்கைத் திருப்பி எடுக்கறதில்ல. ஏய், அழாத. நாலு டவுசர் பசங்களுக்கு நீச்சல் சொல்லித்தர்றவ, இப்படி மூக்கு ஒழுக நிக்கற.

— ஒரு அடி அடிச்சிடேன். எனக்கு நிம்மதியா இருக்கும்.

— அடிக்கல. நகரு, குதிக்கற மேடையில ஏறணும்.

— ரெண்டாவது ஆளாவா?

— ரெண்டாவது ஆளாத்தான். தண்ணியில இறங்கு. அந்தக் கொடிக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து வா. கையை வாய் விட்டு எண்ணிக்கிட்டு வா.

— இரு இரு. என்னடி இது, உனக்குக் கோபமே வரல? நான் இவ்வளவு பெரிய குண்டைத் தூக்கிப் போட்டிருக்கேன்.

— நீ தொடலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.

— எப்படித் தெரியும்?

— மேடையில நிக்கறவ வேற எதைப் பார்ப்பா? வர்றவ கையைத்தானே. சுவருக்கும் உன் விரலுக்கும் நடுவுல ஒரு விரல் தண்ணி.

— அடிப்பாவி! அப்ப அந்தக் கோச்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என் பழியை நீ ஏன் தலையில தூக்கி வச்சுக்கிட்ட?

— உன் பழி இல்லடி அது. ஆறு வயசுலேர்ந்து எங்கப்பா விடியறதுக்கு முன்னால என்னை எழுப்பி இங்க இழுத்துட்டு வந்தார். எனக்கு வேண்டாம்ப்பான்னு சொல்ல வாய் வரல. அவர் வாயாலயே நிறுத்துன்னு சொல்ற மாதிரி ஏதாவது நடக்காதான்னு ஒரு வருஷமா ஏங்கிட்டிருந்தேன்.

— அதனால?

— அதனால உன் கை சுவருக்கு வரலைன்னு நல்லாப் பார்த்துட்டுதான் குதிச்சேன்.