கை நனைக்காத பொன்னி டீச்சர்

ஞானதாஸ்: மூஞ்ச மறைச்சிக்க பொன்னி, மறைச்சிக்க! இந்தப் பக்கம் பாக்கறான்.

பொன்னி: பாக்கட்டுமே. அவன் போட்டோதான் நம்மகிட்ட கீது. நம்ம போட்டோவா அவன்கிட்ட கீது?

ஞானதாஸ்: கவியா காட்டியிருந்தா?

பொன்னி: உங்க பொண்ணு லவ் பண்ற பையன்கிட்ட உங்க போட்டோவையா காட்டிகினு இருப்பா? மொதல்ல அந்த மெனு கார்ட எறக்குங்க. சர்ச்சு கொயர்ல பாட்டுப் புத்தகம் புடிச்சாப்பல மூஞ்சிக்கு நேரா புடிச்சிகினு... அந்த வெள்ளக்காரம்மா பாத்து சிரிக்கிது.

ஞானதாஸ்: சிரிச்சிட்டுப் போவட்டும். பையன் நேர்ல நல்லாத்தான் கீறான், இல்ல? போட்டோவ விட ஒரு சுத்து ஒல்லி.

பொன்னி: ஒல்லி, குண்டு கெடக்கட்டும். இன்னா பண்றான் பாருங்க. பாட்டில தூக்கிப் போட்டுப் புடிக்கிறான்.

ஞானதாஸ்: அது வித்த பொன்னி. ஓட்டலு பாருல வேலன்னா சும்மாவா? அதுக்குன்னே மூணு வருஷம் கேட்டரிங் படிச்சிருக்கான்.

பொன்னி: மூணு வருஷம் படிச்சிட்டு பாட்டில தூக்கிப் போடறான். எங்க ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் புள்ள சிலேட்ட தூக்கிப் போட்டாலே முட்டி போட வெப்பேன்.

ஞானதாஸ்: ஒரு கெளாஸாவது ஒடஞ்சுதா, சொல்லு?

பொன்னி: இன்னும் டைம் கீது.

ஞானதாஸ்: உன் வாயி... செங்கல்பட்டுலருந்து மாபலிபுரம் வரிக்கும் பஸ்ல நின்னுகினு வந்தது இதுக்குத்தானா? இரு, சர்வரு வராரு. சாதாரணமா இரு. சும்மா சாப்புட வந்தவங்க மாதிரி இரு.

சர்வர்: வணக்கம் சார். வணக்கம் மேடம். குடிக்க இன்னா... என்ன எடுத்துக்கறீங்க?

ஞானதாஸ்: குடிக்கவா? ஐயோ, இல்ல அண்ணாத்த. நா அதெல்லாம் வுட்டு பதினோரு வருஷம் ஆவுது.

பொன்னி: பத்து.

ஞானதாஸ்: பத்து. ஒளிஞ்சி குடிச்ச அந்த மொத வருஷம் கணக்குல வராதுன்னு இவ சொல்லுவா. பச்சத் தண்ணி குடு, போதும்.

சர்வர்: போதை இல்லாததும் இருக்கு சார். ரசம் கப்புச்சினோ எடுத்துக்கோங்க. எல்லாரும் விரும்பிக் கேக்கறாங்க.

ஞானதாஸ்: ரசத்துல இன்னாது?

சர்வர்: ரசம்தான் சார். காபி கப்புல. மேல நொர.

பொன்னி: எங்க வூட்டு ரசமும்தான் நொர கட்டும். கட்டுன ஒடனே எறக்கிடுவேன்.

சர்வர்: இங்க அந்த நொரைக்குன்னே சம்பளம் போட்டு ஒரு ஆள வெச்சிருக்காங்க மேடம்.

ஞானதாஸ்: ஆமா, இது இன்னா... கேவுரு... கேவுருன்னு ஆரம்பிச்சி ரெண்டு வரி போவுது?

சர்வர்: கேவுரு களி சார். அத சதுரமா வெட்டி, பொரிச்சி, மேல நெத்திலி வெச்சி, தட்டுல ஓரமா கீரச்சாறால கோடு இழுத்துக் குடுப்பாங்க. கத்தியும் முள்ளும் வெச்சி துன்... சாப்புடணும்.

ஞானதாஸ்: களிய கத்தியால வெட்டித் துன்ற காலம் வந்துடுச்சா! கொண்டா ரெண்டு.

பொன்னி: ஒண்ணு. எனக்கு ஒண்ணும் வேணாம்.

சர்வர்: மேடம், ஏதாச்சும் கொஞ்சமா...

பொன்னி: வேணாண்ணே. நீங்க போய் அவருக்குக் கொண்டாங்க.

ஞானதாஸ்: இன்னா பொன்னி நீ? ஏசி ஓட்டலுக்கு வந்து பட்டினியா குந்திகினு இருந்தா, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?

பொன்னி: சம்மதம் சொல்றதுக்கு முன்ன பையன் எடத்துல கை நனைக்கக் கூடாது. தெரியாதா உங்களுக்கு? நனைச்சா பொண்ணக் குடுத்தாப்பல.

ஞானதாஸ்: அது வூட்டுக்கு! இது ஓட்டலு. துட்டு குடுத்துத் துன்றோம்.

பொன்னி: அவன் பொழைக்கிற எடம். வூடு மாதிரிதான்.

ஞானதாஸ்: அப்போ முள்ளுல குத்தித் துன்னு. கைதான நனையக் கூடாது?

பொன்னி: சட்டம் பேசாதீங்க.

ஞானதாஸ்: பேசறேன். நீ பதில் சொல்லாம இழுக்கறதுல நாலு மாசமா நம்ம பொண்ணு மூஞ்சிய பாக்க சகிக்கல. நாளைக்கு சாயங்காலம் அவங்க குடும்பமே பொண்ணு பாக்க வரேன்னு நிக்கிது. 'வாங்க'ன்றதா 'வேணாம்'ன்றதா, இன்னிக்கி வூடு திரும்பினதும் போன் பண்றேன்னு சொல்லி வெச்சிருக்க. இங்க வந்து சாமியாரு மாதிரி குந்திகினு கீற.

பொன்னி: பாக்க வேண்டியத பாத்துட்டா சொல்லிடப் போறேன்.

ஞானதாஸ்: பையனத்தான் பாத்துட்டியே!

பொன்னி: பையன் தங்கமாவே இருக்கட்டும். பையனோட போயி அவ தனியாவா குந்தப் போறா? வூட்டுக்குள்ளதான போறா? அந்த வூடு உள்ளத உள்ளபடி பேசற வூடான்னு பாக்க வேணாமா?

ஞானதாஸ்: அதெல்லாம் ஓட்டல்ல குந்திகினு எப்டி பாப்ப? ...வராரு, வராரு. இவருகிட்டயே கேட்டுடறேன்.

பொன்னி: கேளுங்க. நல்லா கேளுங்க.

சர்வர்: ரசம் கப்புச்சினோ சார். சூடு, பாத்து.

ஞானதாஸ்: அண்ணாத்த, ஒரு சேதி... கொஞ்சம் குனி. அந்த பாட்டில் தூக்கிப் போடற தம்பி, எப்டி?

சர்வர்: எந்தத் தம்பி சார்?

ஞானதாஸ்: ஒருத்தன்தானய்யா தூக்கிப் போடறான்!

சர்வர்: ஓ... ஜெபக்குமாரா? நல்ல புள்ள சார்.

ஞானதாஸ்: குடிப்பானா?

சர்வர்: மோந்து பாப்பான். அது தொழிலு. குடிக்கிறது கெடையாது. குடிச்சான்னா நா தோல உரிச்... மேனேஜரு தோல உரிச்சிடுவாரு.

ஞானதாஸ்: கோவம் கீவம்?

சர்வர்: வரும் சார். பொய் சொல்ல மாட்டேன். அவங்க அம்மா வாட்டம். வந்த வேகத்துலயே போயிடும்.

பொன்னி: அவங்க அம்மாவ உங்களுக்குத் தெரியுமாண்ணே?

சர்வர்: தெ... தெரியும் மேடம். கொஞ்சம் பழக்கம்.

ஞானதாஸ்: எத்தினி வருஷமா?

சர்வர்: ஒரு... இருபத்தாறு, இருபத்தேழு வருஷம் இருக்கும் சார்.

ஞானதாஸ்: அப்போ நம்ம ஆளு! வசமா மாட்டுன அண்ணாத்த.

பொன்னி: அவ்ளோ வருஷப் பழக்கம்னா, பையனோட அப்பாவையும் தெரிஞ்சிருக்கும்.

சர்வர்: ரசத்துல நொர அடங்கிடப் போவுது சார், குடிச்சிடுங்க.

ஞானதாஸ்: குடிக்கிறேன், குடிக்கிறேன். நீ சொல்லு.

பொன்னி: ஏசுபாதம்னு பேரு. சுற்றுலாத் துறையில ஆபீசராம். ஜாதகத்துக்கு பதிலா நம்மாளுங்க விவரம் எழுதிக் குடுப்பாங்க இல்ல, அந்தத் தாள்ல அப்டித்தான் போட்டிருக்கு. இந்தப் பக்கம் வந்து போவாரா?

சர்வர்: வருவாரு மேடம். தெனம் வருவாரு.

ஞானதாஸ்: தெனமுமா! பொறுப்பான ஆபீசரு.

சர்வர்: லீவே கெடைக்காது சார் அவருக்கு.

ஞானதாஸ்: ஜீப்புல வருவாரா?

சர்வர்: பஸ்ல சார். திருக்கழுக்குன்றத்துலருந்து... ஜன்னல் ஓரமா குந்தி காத்து வாங்கிகினு வர்றது அவருக்குப் புடிக்கும்.

ஞானதாஸ்: கேட்டியா பொன்னி? ஆபீசரா இருந்துகினு பஸ்ல வராராம். இன்னா எளிமையான மனுசன்!

பொன்னி: கேட்டுகினுதான் கீறேன். நாளைக்கு அவரு எங்க வூட்டுக்கு வரணும்ணே. வருவாரா?

சர்வர்: நாளைக்கா... நாளைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வரும் மேடம்.

பொன்னி: காய்ச்சல் ஒரு நாள் முன்கூட்டியே சொல்லிட்டு வருமா?

சர்வர்: மே மாசம் பாருங்க... வெயிலு.

பொன்னி: உங்க பேரு இன்னாண்ணே? எல்லாரு சட்டையிலயும் பேரு குத்திகினு கீறாங்க. உங்க சட்டையில ரெண்டு ஓட்டைதான் தெரியிது.

சர்வர்: அதுங்களா... தோய்க்கப் போட்டிருக்கேன் மேடம்.

ஞானதாஸ்: பேட்ஜயா?

சர்வர்: கிச்சன்ல கூப்புடறாங்க சார், வந்துடறேன்.

ஞானதாஸ்: இன்னா இவரு, கூப்புட்ட சத்தமே கேக்கல, ஓடறாரு? நல்ல மனுசன்தான். ஆனா முழி சரியில்ல.

பொன்னி: முழிக்கட்டும். ரசம் எப்டி கீது?

ஞானதாஸ்: நொரய ஊதித் தள்ளிட்டா உன் ரசம்தான். எனக்கு ஒண்ணு புரியல பொன்னி. பையன் ஒழுக்கம். அப்பா ஆபீசரு. கவர்மெண்டு ப்ளாண்ட்ல என் கூட வேல பாக்கற ஃபிட்டருங்க கேட்டா வாயப் பொளப்பானுங்க... 'ஞானதாஸ் சம்பந்தி சுற்றுலாத் துறை'ன்னு. இதுல நீ இன்னா இன்னும் தேடற?

பொன்னி: ஆபீசரு, ஆபீசருன்னு நூறு வாட்டி சொல்லிட்டீங்க. எங்கம்மா நாத்து நட்டு என்னப் படிக்க வெச்சாங்க. கல்யாணத்தப்ப உங்க வூட்ல அத மறைச்சா சொன்னேன்?

ஞானதாஸ்: மறைக்கல. பொண்ணு பாக்க வந்த எங்கம்மாகிட்ட, 'எங்கம்மா இப்ப கழனியில கீறாங்க, வர நேரமாவும், குந்துங்க'ன்ன. அதுலதான எங்கம்மா மயங்கிச்சி.

பொன்னி: அவ்ளோதான் கேக்கறேன். கை கால் ஒழைப்புல கேவலம் இல்ல. அத மறைக்க ஆரம்பிச்சா, அப்பறம் அந்த வூட்ல எதத்தான் நம்பறது? எம்பொண்ணு ஆயுசுக்கும் எது நெசம், எது பொய்யின்னு துழாவிகினே இருக்கணுமா?

ஞானதாஸ்: யாரு இப்ப இன்னாத்த மறைச்சா?

பொன்னி: யாரும் இல்ல. தட்டு வருது, துன்னுங்க.

சர்வர்: களி சார். மேடம்... இது உங்களுக்கு. பணியாரம். உள்ள பாலாடைக்கட்டி வெச்சது. பில்லுல வராது. ஜெபக்குமார் குடுத்தனுப்பினான்.

ஞானதாஸ்: ஐயையோ! நம்மள தெரிஞ்சி போச்சா அவனுக்கு?

சர்வர்: நீங்க வாசல்ல பஸ்ஸ வுட்டு எறங்கறப்பவே தெரிஞ்சி போச்சி சார். உங்க போட்டோ அவன் பர்ஸ்ல கீது. கவியா பாப்பா குடுத்தது.

ஞானதாஸ்: பாத்தியா பொன்னி, பாத்தியா! காட்டியிருப்பான்னு நா சொன்னேன்ல?

பொன்னி: சரி, சரி, பீத்திக்காதீங்க.

ஞானதாஸ்: அண்ணாத்த, தெரிஞ்சதே தெரிஞ்சி போச்சி. நீயும் ஒண்ணு பண்ணு. நாளைக்கு அவங்க கூடவே நீயும் எங்க வூட்டுக்கு வந்துடு.

சர்வர்: நானா சார்?

ஞானதாஸ்: இருபத்தேழு வருஷம் பழகுன குடும்பம். நீ வராம யாரு வருவா? ஆபீசரு கூட சரிசமமா எப்டி குந்தறதுன்னு தயங்காத. என் பக்கத்துல குந்து. எங்க வூட்ல தட்டு தூக்கறவன், ஃபைலு தூக்கறவன் எல்லாம் ஒரே பாய்தான்.

சர்வர்: சார்...

ஞானதாஸ்: இன்னா அண்ணாத்த, கண்ணு கலங்குது?

சர்வர்: ஒண்ணும் இல்ல சார். மொளகாத்தூள்...

பொன்னி: பணியாரம் ஆறுது. வாசன நல்லாத்தான் கீது.

சர்வர்: மேடம்... அதுல கை வெக்காதீங்க!

ஞானதாஸ்: இன்னாய்யா, கெட்டுப் போச்சா? நா களிய பாதி முழுங்கிட்டேனே!

சர்வர்: பண்டம் நல்ல பண்டம்தான் சார். மேடம் சம்மதம் இல்லாம கை நனைக்க மாட்டேன்னு பேசிகினு இருந்தது காதுல வுழுந்துச்சி. கை வெக்கறதுக்கு முன்ன நா ஒண்ணு சொல்லிடணும். நாந்தான்... நாந்தான் சார் ஏசுபாதம்.

ஞானதாஸ்: எந்த ஏசுபாதம்?

பொன்னி: நீங்க வாய மூடிகினு மெல்லுங்க. அண்ணே, சொல்லுங்க.

ஏசுபாதம்: ஆபீசரும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். இருபத்தோரு வருஷமா தட்டு தூக்கறேன். இந்த ஓட்டலு தொறந்தப்ப இங்க வந்தேன். தாள்ல அப்டி எழுதினது நாந்தான். புள்ள வேணாம்னு சண்ட போட்டான். எஞ்சம்சாரம் மார்கரெட்டு ரெண்டு நாள் எங்கூட பேசல. 'பொண்ணோட அம்மா டீச்சரு, அப்பா கவர்மெண்டு வேல... எச்சத் தட்டு எடுக்கறவன் வூட்டுல குடுப்பாங்களா'ன்னு எனக்கு பயம். சுற்றுலா வர்றவங்களுக்குத்தான தட்டு வெக்கறேன், சுற்றுலாத் துறைன்னு போட்டா முழுப் பொய்யில்லன்னு நானே மனச தேத்திகினேன். தப்பு என்னோடது. புள்ளைய வேணாம்னு சொல்லிடாதீங்க. நாளைக்கு நா வரல. அவனையும் அவங்க அம்மாவையும் மட்டும்...

ஞானதாஸ்: அட, அண்ணாத்த... இம்மாம் நேரம் உன்னப் பத்தி உங்கிட்டயேவா கேட்டுகினு இருந்தேன்?

பொன்னி: அந்தத் தட்ட இப்டி நவுத்துங்க.

ஞானதாஸ்: பொன்னி... இன்னா பண்ற? கையால எடுக்கறியே! துன்னுட்டியே! அப்போ... சம்மதமா?

பொன்னி: பாலாடைக்கட்டி ஒரு மாதிரி கீது. ஆனா துன்னலாம்.

ஏசுபாதம்: மேடம்... பொய் சொன்னவன் நானு...

பொன்னி: சொன்னீங்க. இப்ப உங்க வாயாலயே இல்லன்னும் சொல்லிட்டீங்க. அத கேக்கத்தான் இம்மாம் நேரம் பட்டினியா குந்திகினு இருந்தேன்.

ஞானதாஸ்: இரு, இரு. உனக்கு முன்னாடியே தெரியுமா? யாரு சொன்னது?

பொன்னி: அத வெளிய சொல்லக் கூடாது. சொன்னா ஜெயிலு.

ஞானதாஸ்: ஜெயிலா!

ஏசுபாதம்: எங்க வூட்லருந்து யாரும் சொல்லியிருக்க முடியாதே. மார்கரெட்டு சர்ச்சுக்குத் தவிர வாசப்படி தாண்டாதே...

பொன்னி: அவங்க எதுக்கு தாண்டணும் சம்பந்தி? நா தாண்டி உள்ள வந்தேன். பிப்ரவரில ஜனத்தொகை கணக்கெடுக்க உங்க தெரு, எங்க ஸ்கூல் ஜெகதாம்பாள் டீச்சருக்குத்தான் வந்துது. நாந்தான் கெஞ்சிக் கூத்தாடி மாத்திகினேன். 'வூட்டுக்காரரு இன்னா தொழிலு'ன்னு கேட்டேன். நா யாருன்னு தெரியாமலே, 'ஓட்டல்ல சர்வரு, நல்லா தெளிவா எழுதிக்கோங்க'ன்னு தலைய நிமுத்தி சொன்னாங்க உங்க சம்சாரம். கணக்கெடுப்புல கேட்டத யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கவர்மெண்டு உத்தரவு, அதான் பெத்த பொண்ணு மூஞ்சி வாடறத பாத்துகினும் இவருகிட்டகூட மூச்சு வுடல. வெயில்ல வந்திருக்கீங்கன்னு உள்ள கூப்ட்டு குந்த வெச்சி, சோத்தப் போட்டு நெத்திலிக் கொழம்பு ஊத்துனாங்க. அன்னிக்கே உங்க வூட்ல கை நனைச்சிட்டேன் சம்பந்தி... ரெண்டாவது வாட்டி கொழம்பு கேட்டு வாங்கித் துன்னுட்டுதான் எழுந்தேன்.