வெள்ளிக்கிழமை இருபது நிமிடம்

— நாலாயிரத்து முந்நூத்தம்பது ரூபா, சின்னமுத்து அண்ணன். மூணு மாசத்து இன்டர்நெட் காசு. ஜும்மா முடிஞ்ச கையோட பன்வில டவுன்ல இருந்து ஏறி வந்தீக்கிறேன். இன்டைக்காவது தாங்க.

— போனுல சுத்திக்கிட்டே கெடக்குற வட்டத்துக்கா காசு, நஸீப் தம்பி?

— எட்டு வீட்டுக்கும் ஒரே அளவுதான் போட்டீக்கிறேன். ஏண்ட கடைக்கு மட்டும்தான் ஃபைபர் கேபிள். அங்கேருந்து பெட்டிக்குப் பெட்டி காத்துல வருது. ஒருத்தருக்கும் கூடக் கொறைய இல்ல.

— அந்த ஃபைபருக்கு ரோட்டோரம் குழி வெட்டுனவனே நான்தான். எனக்கே கத சொல்றீங்க. ரெண்டு மணிக்கு எம்மக டிலானி எடுப்பா. வெளிநாட்டுல அவ வேல செய்யிற வீட்டுல வெள்ளிக்கிழம மட்டும் இருபது நிமிசம் போனு குடுப்பாங்க. மூணு வெள்ளியா "அப்பா, என்னைய"ங்குறா, அதோட தொறந்த வாயி தொறந்தபடி நின்னுருது.

— காசத் தாங்க, பாப்பம்.

— தர மாட்டேன். இந்தா பெட்டி, புடுங்கிட்டுப் போங்க. என்ன தம்பி, கை வரலியா?

— அதப் புடுங்க ஏலாது.

— ஏனாம்?

— ஒங்கட கூரத் தகரத்துல பூட்டின அன்டெனாவுல இருந்துதான் உச்சியில ஈக்கிற டூரிஸ்ட் பங்களாவுக்குப் போகுது. இருபது அறை. மாசம் பதினெட்டாயிரம் தாறாங்க.

— அப்ப எட்டு வீடு இல்ல, ஒம்பது!

— அது... நான் பங்குல சேக்கல்ல.

— இருபது அறையும் படம் பாக்குறது எம்மக பேசுற அதே காத்துலயா? எங்கூட்டு கரண்டுலயா?

— கடன வெட்டி வுடுறேன் அண்ணன். பெட்டி மட்டும் ஈக்கட்டும்.

— ஒங்க கடனு யாருக்கு வேணும்? அந்த அன்டெனாவுக்குப் போற வயரு எது? கறுப்பா, வெள்ளையா?

— பேங்குல லோன் எடுத்துத்தான் இந்தப் பெட்டியெல்லாம் வாங்கினேன். பங்களா போனா கடையையே மூடணும்.

— போனு அடிக்குது. கறுப்பா, வெள்ளையா?

— அல்லாஹ்வே... வெள்ள.

— புடுங்கிட்டேன். டிலானி! தெரியுதாம்மா?

— அப்பா! அசையுறீங்கப்பா! கேளுங்க, என்னைய வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க. சம்பளம் இல்ல. பாஸ்போட்ட புடுங்கிட்டாங்க. ராவானா அறையில வச்சு வெளியால பூட்டுறாங்க. வெலாசம் சொல்றேன், எழுதுங்க.

— மெதுவாம்மா. அப்பா எழுத்துக் கூட்டித்தான் எழுதணும்.

— இங்க தாங்க அண்ணன், நான் எழுதுறேன். வெலாசத்தச் செல்லுங்க தங்கச்சி.

— அதே ஊருதான், நாலாம் தெரு, பதினேழாம் நம்பர், பச்ச கேட்டு. அப்பா, அவங்க வர்றாங்க, வைக்கிறேன்.

— வச்சிட்டா தம்பி. முழுசா எழுதுனீங்களா?

— எழுதியாச்சு. நில்லுங்க, ஏண்ட போன். ஹலோ, ஓ சேர், பங்களாவுக்கு லைன் இல்லதான். இல்ல சேர், வெள்ளிக்கிழமையில இந்த நேரத்துக்கு இனியும் வராது. கொன்ராக்ட முடிக்கிறீங்களா? சரி சேர். முடிச்சிடுங்க.

— தம்பி, என் கடனு, அந்த...

— அத வெட்டிட்டேன். இனி ஒங்களுக்குக் கடன்காரன் நான்தான். கடுதாசிய எடுத்துட்டு கண்டி பஸ்ஸுக்கு ஓடுங்க, வெளிநாட்டு வேலைக்குப் போனவங்கட முறைப்பாடு எடுக்கிற கந்தோர நாலேகாலுக்கு மூடிருவான்.