இரண்டாவது சுற்று

1995 ஆகஸ்ட் 15, செவ்வாய்க்கிழமை. மெல்பேர்ண், ரோவில். இரண்டாம் உலகப்போர் முடிந்து அன்றோடு ஐம்பது ஆண்டுகள்.

விக்னராஜா: ...ஆர் போன்ல? வாசுவோ?

யோகராணி: ஓம் அங்கிள், உங்கட மகன்தான். ஊர்வலத்துக்கு இப்பவும் நேரம் கிடக்காம். கார் கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறார்.

விக்னராஜா: முழங்கால் நோ எண்டு சொல்லும்.

யோகராணி: சொன்னனான். காலமை முழங்கால், பின்னேரம் தலைச்சுத்தோ எண்டு கேட்டவர்.

விக்னராஜா: தாயைப் போல. எல்லாம் விசாரணைதான்.

யோகராணி: பாவம் அவர். அப்பா மெடல் குத்திக்கொண்டு நடக்கிறதைப் பிள்ளையளுக்குக் காட்ட ஆசை. இந்த ரோவிலில எத்தினை தமிழாக்கள் இருக்கினம், ஆற்ற தகப்பன் வெள்ளைக்காரன்ர குண்டு பிளேனில பறந்தவர்?

விக்னராஜா: போனை வைச்சிட்டீரோ?

யோகராணி: வைச்சிட்டன்.

விக்னராஜா: அப்ப அந்தக் கதிரையை இஞ்சால இழும். உமக்கு எத்தினை மணி மட்டும் வேலை?

யோகராணி: பன்ரண்டு மட்டும். உங்களைக் குளிக்க வாக்கிறது, சமையல், குசினி துடைக்கிறது. ஏஜென்சிப் பேப்பரில அதுதான் கிடக்கு.

விக்னராஜா: இண்டைக்குக் குளிப்பு வேண்டாம். ஒரு கடிதம் வாசிக்கோணும்.

யோகராணி: உங்கட கண்ணுக்கு... மகன் வந்தால் வாசிப்பார்தானே?

விக்னராஜா: அவன் வாசிக்கக் கூடாதெண்டுதான் உம்மைக் கேக்கிறன். கட்டில் தலைமாட்டில இருக்கிற லாச்சியை இழுத்துப் பாரும். சாரங்களுக்குக் கீழ.

யோகராணி: இதோ... பிரான்ஸ் முத்திரை. ஏப்ரலில வந்த கடிதம் அங்கிள். நாலு மாதமா உடைக்கவே இல்லையோ?

விக்னராஜா: இங்கிலாந்தில எங்கட ஸ்குவாட்ரன் ஆக்கள், என்னோட சேந்து பறந்தவை, வைச்ச சங்கம் ஒண்டு இருக்கு. அதின்ர செக்கிரட்டரி போன் எடுத்துச் சொன்னவர், பிரான்சில இருந்து ஒரு மனுசி எழுதும் எண்டு. வாசியும்.

யோகராணி: இங்கிலிசில கிடக்கு. நான் தமிழில சொல்லிக்கொண்டு போறன், பிழை பிடிக்கக் கூடாது. 'அன்பான மிஸ்டர் விக்னராஜா. என்ர பேர் சிமோன். வயது அறுபது. எனக்கு இங்கிலிசு வராது, பெறாமகள் எழுதித் தாறா...' பெறாமகளுக்கும் வராது போல கிடக்கு, என்ர கேஸ்தான்.

விக்னராஜா: விசயத்துக்கு வாரும்.

யோகராணி: '1944 தை மாதம், ஒரு மத்தியானம், எங்கட பண்ணைக்கு மேல அஞ்சு பிளேன் வந்தது. கிட்டடியில, ஒரு பற்றைக்க, ஜேர்மன்காரர் பறக்கும் குண்டு ஏவுறதுக்குத் தளம் கட்டிக்கொண்டிருந்தவை.' பறக்கும் குண்டெண்டால் என்ன அங்கிள்?

விக்னராஜா: ஆள் இல்லாமல் தானாப் பறந்து போய் லண்டனில விழுற குண்டு. அதை ஏவத்தான் அந்தக் கரை முழுக்கத் தளம் கட்டினவங்கள். கட்டி முடிக்க முந்தி உடைக்கோணும். எங்களுக்கு அந்த மாரி முழுக்க அதுதான் வேலை. மேல சொல்லும்.

யோகராணி: 'நாங்கள் நிலவறைக்குள்ள ஓடினம். பிளேன் ஒண்டும் போடாமல் மேலால போச்சுது. போனவுடனே...'

விக்னராஜா: ஏன் நிப்பாட்டினீர்?

யோகராணி: பக்கம் திருப்புறன். வெளிய வந்திருப்பினம் அங்கிள்.

விக்னராஜா: வாசியும்.

யோகராணி: 'போனவுடனே நான் வெளிய ஓடி வந்து மேசை விரிப்பை ஆட்டினனான். வெள்ளை விரிப்பு. எங்களை மீட்க வாற ஆக்கள் எண்டு எனக்குச் சந்தோசம். எனக்கு ஒன்பது வயது. என்னைப் பிடிச்சு உள்ள இழுக்க அம்மா வந்தவ. அம்மாவுக்குப் பின்னால தம்பி வந்தவன். பிளேன் திரும்பி வந்தது...' 

விக்னராஜா: எத்தினை பேராம்?

யோகராணி: தாய், தம்பி, மாடு பாக்கிற கிழவர் ஒராள். மூண்டு பேர். 'தாத்தா சாகுமட்டும் எனக்குச் சொன்னவர், நீ துணி ஆட்டினதாலதான் அவங்கள் திரும்பி வந்தவங்கள் எண்டு. நான் உங்களிட்டைக் கேக்கிறது ஒண்டே ஒண்டு. உங்களில ஆரும் அந்தத் துணியைக் கண்டனீங்களோ? அண்டைக்குப் பறந்த ஆக்களில மூண்டு பேர்தான் உயிரோட இருக்கிறதாச் சொன்னவை. மற்ற ரெண்டு பேரும் ஞாபகமில்லை, தாங்கள் முன்னுக்குப் போன பிளேனைப் பாத்துத்தான் போட்டதெண்டு எழுதினவை.' அவ்வளவுதான். கையெழுத்து.

விக்னராஜா: ...ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டும்.

யோகராணி: கூட்டித்தான் கிடக்கு. தேத்தண்ணி போடட்டோ?

விக்னராஜா: வேண்டாம். பேப்பர் எடும். எழுதும். உங்கட கடிதம் கிடைச்சது. துணி ஒண்டையும் நாங்கள் காணேல்லை. அண்டைக்கு நல்ல முகில். எங்கட பிளேன் ரெண்டாவது. முன்னுக்குப் போன பிளேன் போட்டதைப் பாத்து...

யோகராணி: அங்கிள்.

விக்னராஜா: என்ன?

யோகராணி: இதைத்தானே மற்ற ரெண்டு பேரும் எழுதினவை. மூண்டாந்தரமும் இதையே எழுதி அந்த மனுசிக்கு என்னத்துக்கு?

விக்னராஜா: நடந்தது அதுதான். உமக்கு விளங்காது. ஆறு பிளேன் ஒரு கூட்டு. முன்னுக்குப் போற பிளேனில ஒராள் குறி பாப்பான். அவன்ர குண்டு விழுறதைக் கண்டவுடனே மற்ற அஞ்சு பேரும் பட்டனை அமத்துவினம். அஞ்சு பேர் கீழ பாக்கிறதே இல்லை.

யோகராணி: அப்ப அந்த அஞ்சு பேரில ஒராளுக்கு இந்தக் கடிதத்தை உடைக்க என்ன பயம்?

விக்னராஜா: பேனையைக் கீழ வையும்.

யோகராணி: நான் சும்மா கேட்டனான். எழுதுறன், சொல்லுங்கோ.

விக்னராஜா: வாசுவுக்கு நான் இதுதான் சொல்லியிருக்கிறன். தாய்க்கும் இதுதான் சொன்னனான். வாசுவின்ர மகன் பள்ளிக்கூடத்தில என்னைப் பற்றிப் புரொஜெக்ட் செய்து பிறைஸ் எடுத்தவன், தெரியுமோ? பிளேன் கீறி, ரெண்டாவது பிளேனுக்கு மஞ்சள் அடிச்சு, 'மை கிராண்ட்பா' எண்டு அம்புக்குறி போட்டு...

யோகராணி: ரெண்டாவது பிளேன் இல்லையோ?

விக்னராஜா: புறப்படேக்க ரெண்டாவதுதான். பொய்யில்லை. கடலுக்கு மேல போகேக்க முன்னுக்குப் போனவன்ர எஞ்சின் புகைஞ்சுது. அவன் திரும்பிட்டான். ரெண்டாவது ஆள் முன்னுக்கு வரோணும். அதுதான் முறை.

யோகராணி: அப்ப குறி பாத்தது...

விக்னராஜா: பிளேன்ர கண்ணாடி மூக்குக்குள்ள குப்புறக் கிடந்தவன் நான்தான்.

யோகராணி: ம்.

விக்னராஜா: முதல் சுத்தில முகில். பைலட் கேட்டான், போடுவமோ எண்டு. எனக்கு இடம் தெரியேல்லை, இன்னொருக்கால் சுத்து எண்டன். கீழ இருக்கிறது பிரெஞ்சுச் சனம், எதிரி இல்லை. குறி தெரியாட்டில் குண்டைத் திருப்பிக் கொண்டு போகோணும் எண்டது கட்டளை. நான் கவனமாத்தான் இருந்தனான். கவனமா இருந்தபடியாத்தான் ரெண்டாந்தரம் சுத்தினது...

யோகராணி: ரெண்டாந்தரம் இடம் தெரிஞ்சுதோ?

விக்னராஜா: தெரிஞ்சுது எண்டு நினைச்சன். உமக்கு ஸ்கீ தெரியுமோ?

யோகராணி: பனியில காலில கட்டிக்கொண்டு சறுக்கிற, முனை வளைஞ்ச பலகை. ரீவியில காட்டுறவங்கள். ஏன்?

விக்னராஜா: அண்டைக்குக் காலமை ஒரு அதிகாரி படம் காட்டினவர். தளத்தில மூண்டு நீளக் கட்டடம் இருக்கும், சரிச்சு வைச்ச ஸ்கீ மாதிரி, அதைத் தேடுங்கோ எண்டார். எல்லாரும் தலையாட்டினவை. நானும் ஆட்டினன்.

யோகராணி: உங்களுக்குத் தெரியாதோ?

விக்னராஜா: சண்டிலிப்பாயில இருந்து கொழும்புக்கு, கொழும்பில இருந்து கப்பல். ஸ்கீயை எங்க காணுறது?

யோகராணி: படத்தில பாக்கேல்லையோ?

விக்னராஜா: முன்னுக்குப் போறவனுக்குத்தான் நல்ல படம். நாங்கள் பாத்துப் போடுற ஆக்கள். பின் வரிசையில இருந்து, முன்னுக்கு நிண்டவங்கட தோளுக்கு மேலால ஒரு கறுப்பு வளைவு தெரிஞ்சுது.

யோகராணி: ஆரிட்டையும் கேட்டிருக்கலாமே அங்கிள்.

விக்னராஜா: அம்பது வெள்ளைக்காரர் இருந்த அறையில ஒரேயொரு கறுத்தவன். எழும்பி நிண்டு, 'சேர், ஸ்கீ எண்டால் என்ன' எண்டு கேக்கச் சொல்லுறீரோ? ஏற்கெனவே என்னை... அதை விடும். கேக்கேல்லை. நீளக் கூரை, ஒரு பக்கம் வளைஞ்சது எண்டு மனசில பிடிச்சுக்கொண்டன். ரெண்டாந்தரம் வரேக்க முகில் கிழிஞ்சுது. கீழ ஒரு பழத்தோட்டம். அதுக்கு நடுவில நீளக் கூரை, ஒரு பக்கம் வளைஞ்சு.

யோகராணி: தளமில்லை.

விக்னராஜா: மாட்டுக்கொட்டில். பிளேனுக்குள்ளயே கமெரா இருக்கும், குண்டு விழேக்க படம் எடுக்கும். பின்னேரமே கழுவிப் பாத்தவங்கள். அதே அதிகாரி வந்து, முக்கால் மைல் கிழக்க எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனவர். ஏசக்கூட இல்லை. மூண்டு நாள் கழிச்சுச் சரியான இடத்துக்குப் போனம். போற வழியில, நான் போட்ட குழியள் கீழ கிடந்துது. சுத்திவரப் பனி. குழி மட்டும் கறுப்பு.

யோகராணி: அங்கிள்... மேல இருந்து பாக்கேக்க ஆள் தெரியுமோ?

விக்னராஜா: பன்னீராயிரம் அடி. வீடே தீப்பெட்டி மாதிரி.

யோகராணி: சின்னப் பிள்ளை எண்டால்?

விக்னராஜா: பெரிய ஆளே தெரியாதெண்டுறன், சின்னப் பிள்ளை எப்பிடி?

யோகராணி: வெளிச்சமான சட்டை போட்டிருந்தால்? ஓடிக்கொண்டிருந்தால்?

விக்னராஜா: தெரியாது. ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிறீர்? 

யோகராணி: கடிதத்துக்குத்தான். விபரமா எழுதோணுமெல்லோ.

விக்னராஜா: துணி காணேல்லை எண்டு எழுதினால் போதும். அது உண்மைதானே? 

யோகராணி: அது மட்டும் போதாது, காணாது.

விக்னராஜா: ஏன் காணாது?

யோகராணி: கிழவன் ஆறுதலுக்குச் சொல்லுறான் எண்டு அந்த மனுசி நினைக்கும். பிளேன் ஏன் திரும்பினது எண்டு ஒரு காரணம் வேணும் அங்கிள். காரணம் தெரியாட்டில், தன்னைத்தான் காரணமாக்கும். அம்பது வருசமா அதைத்தானே செய்துகொண்டிருக்கு.

விக்னராஜா: அந்த மனுசி இதைப் பேப்பரில போட்டால்? வாசு வாசிச்சால்? பேரன்...

யோகராணி: போட்டால் போடட்டும்.

விக்னராஜா: உமக்குச் சொல்ல லேசு.

யோகராணி: லேசில்லை.

விக்னராஜா: மணி என்ன இப்ப?

யோகராணி: பன்ரண்டு மணிக்குள்ள எழுதினால் போகேக்க தபால்பெட்டியில போட்டு விடுவன். வேண்டாமெண்டால் சோத்தை அடுப்பில வைக்கிறன்.

விக்னராஜா: நீர் வாசுவை விடப் பொல்லாத ஆள்.

யோகராணி: ஓம். சொல்லுங்கோ.

விக்னராஜா: முந்தி எழுதினதைக் கிழிச்சுப் போடும். ...அன்பான சிமோன். அண்டைக்குக் குறி பாத்தது நான். முதல் சுத்தில முகிலால தளம் தெரியேல்லை. அதாலதான் திரும்பச் சொன்னனான். நீங்கள் துணி எடுக்க முந்தியே நான் அதைச் சொல்லிப்போட்டன்.

யோகராணி: 'பிஃபோர் யூ ரூக் த குளோத்.' சரியோ?

விக்னராஜா: சரி. ரெண்டாம் சுத்தில உங்கட மாட்டுக்கொட்டிலைத் தளம் எண்டு நினைச்சன். ஸ்கீ மாதிரிக் கட்டடம் தேடச் சொன்னவை. எனக்கு ஸ்கீ எண்டால் என்னெண்டு தெரியாது. கேக்க வெக்கப்பட்டனான்.

யோகராணி: வெக்கத்தையும் எழுதோணுமோ?

விக்னராஜா: எழுதும். அது இல்லாட்டில் அவ நம்ப மாட்டா. ...துணியை நான் காணேல்லை. அந்த உயரத்தில இருந்து காணவும் ஏலாது. தாத்தா சொன்னது பிழை. 

யோகராணி: மன்னிப்பு கேக்கேல்லையோ?

விக்னராஜா: கேட்டால் அவ பதில் சொல்ல வேண்டி வரும். வேண்டாம். கையெழுத்து எங்க போடுறது? கையைப் பிடிச்சு வையும்.

யோகராணி: இஞ்ச. இன்னும் கொஞ்சம் இஞ்சால... ஓம், போடுங்கோ.

விக்னராஜா: கோணலோ?

யோகராணி: கோணல்தான். வாசிக்கலாம்.

விக்னராஜா: ஒட்டிப் போட்டீரோ?

யோகராணி: ஒட்டிட்டன். ஹான்பாக்குக்குள்ள வைச்சிட்டன். இனி நீங்கள் கேட்டாலும் தர மாட்டன்.

விக்னராஜா: ...இரும் பிள்ளை. சோறு பிறகு வைக்கலாம். உமக்கு ஆர் செத்தது?

யோகராணி: சோத்துக்கு நேரம் போகுது அங்கிள்.

விக்னராஜா: சொல்ல விருப்பமில்லாட்டில் விடும்.

யோகராணி: மகன். தொண்ணூறாம் ஆண்டு, ஊரில அரசாங்கத்தின்ர பிளேன் குண்டு போட்டண்டைக்கு. ஏழு வயது.

விக்னராஜா: நீர் கமலினி ஒராள்தான் பிள்ளை எண்டல்லோ சொன்னனீர்?

யோகராணி: இருக்கிற பிள்ளையைச் சொன்னனான்.

விக்னராஜா: அங்க... அவங்கள் என்ன உயரத்தில பறந்தவங்கள்?

யோகராணி: அடிக்கணக்கு எனக்குத் தெரியாது. பிளேன்ர வயிறு தெரிஞ்சுது.

விக்னராஜா: அப்ப... மேல இருந்தவனுக்குத் தெரியாதெண்டு என்னால சொல்லேலாது பிள்ளை. சொன்னால் பொய்.

யோகராணி: ஓம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

விக்னராஜா: பதுங்க ஒரு பங்கர் இல்லையோ வீட்டில?

யோகராணி: இருந்தது. உள்ளதான் இருந்தவன். பிளேன் முதல் சுத்துச் சுத்தின பிறகு சத்தம் நிண்டிட்டுது. தண்ணி விடாய்க்குது எண்டவன். ஓடிப்போய்க் குடிச்சிட்டு வா எண்டு நான்தான் அனுப்பினனான். கமலினியின்ர அப்பாவுக்கு இண்டைவரைக்கும் சொல்லியிருக்கிறது, அவன் தானா ஓடினவன் எண்டு.