தலைக்குள்ள ஒரு தேயிலை மலை

— சொல்லுங்களேன்... கண்டியில கோச்சி ஏறுனதுலேர்ந்து ஊமையாட்டம் வர்றீங்க. அந்தப் பெருசாக் காட்டுற கண்ணாடிக்குள்ள என்னதான் பாத்தீங்க?

— மொதல்ல சன்னலச் சாத்து, பேச்சி. புகை வருது.

— சாத்திட்டேன். சொல்லுங்க. என் நோவக் காட்டத்தான பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்? என்னைய வெளிய பெஞ்சில ஒக்கார வெச்சிட்டு நீங்களும் என் தம்பியும் உள்ள போயிட்டீங்க.

— ஒன் தம்பி அழகன் அந்த ரூமக் கூட்டுறவன். அவன் கேட்டதுனாலதான் டாக்டரு காட்டுனாரு. நம்ம தோட்டத்துலயே இந்தச் சோலைமலை ஒருத்தன்தான் அந்தக் கண்ணாடியில பாத்திருக்கேன், தெரியுமா?

— பீத்திக்காதீங்க. உள்ள என்னா இருந்துச்சி?

— மூளை.

— ஐயே! யாரோடது?

— செத்தவங்களோடது. வெங்காயத் தோலு கணக்கா சீவி, வெள்ளி கலந்த தண்ணியில ஊற வெச்சிச் சாயம் ஏத்தியிருக்காங்க. ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாத்தேன்... மொதல்ல என் கண்ணு மசுருதான் தெரிஞ்சிச்சி.

— அதையே மூளைன்னு நெனச்சிருப்பீங்களே!

— அட, கேளு புள்ள. அப்புறம் தெரிஞ்சிச்சி பாரு... சத்தியமாச் சொல்றேன், தேயிலைச் செடி!

— தலைக்குள்ளயா?

— வேரோட புடுங்கி ஒட்டுன மாதிரி. நடுவுல முக்கோணமா ஒரு தூரு. அது உச்சியிலேர்ந்து நீட்டா ஒரு வாது மேல போயி, நுனியில கெளை கெளையாப் பிரியுது. அடியிலயும் சுத்திவரக் கெளைங்க. கெளை பூரா முள்ளு முள்ளா மொட்டு. அப்புறம் கீழ ஒரே ஒரு நீளமான நூலு.

— நூலு எதுக்கு?

— அது வழியாத்தான் சேதி போகுமாம். சில செடியோட நூலு முதுகுத்தண்டு வரைக்கும் எறங்குதாம். அது சொன்னாத்தான் ஒன் வெரலு கொழுந்தக் கிள்ளும்.

— நான் கங்காணி கத்துறதுனாலதான் கிள்ளுறேன்னு நெனச்சேன்! மேல இருக்க கெளைக்கு என்னா வேலை?

— மத்த செடிங்க சொல்றத வாங்குறது. மொட்டுக்கு மொட்டு வாங்கி, எல்லாத்தையும் கூட்டிப் பாத்து, சரின்னா நூலு வழியா அடுத்த செடிக்கு அனுப்பிரும். நெனைக்கிறது, பேசுறது, ஞாபகம்... எல்லாம் இப்படித்தானாம்.

— எம்புட்டுச் செடி இருக்கும்?

— வட்டகொடையிலேர்ந்து லிந்துலை வரைக்கும் மலை மலையா நட்டாலும் பத்தாது.

— அம்மாடி! அதெல்லாம் இந்தத் தலைக்குள்ளயா... நீங்க பாத்தது நம்ம ஆளோடதா?

— சீமையிலேர்ந்து கொண்டாந்தது. வெள்ளக்காரன்.

— தொரை மூளையா! நம்மளோடதும் அப்படித்தான் இருக்குமா?

— சாயம் ஏத்திட்டா எல்லாம் கறுப்புதான்.

— ம்ம்... ரெண்டாவதா ஒண்ணு காட்டுனாராமே. அழகன் சொன்னான்.

— அவனுக்கு வாயி நிக்காது.

— சொல்லுங்க...

— அது நோவுக்காரரோடது.

— என் நோவா?

— அப்படித்தான் இருக்கும்ங்கிறாரு.

— எப்படி இருந்துச்சி?

— மொட்டெல்லாம் உதுந்து... கெளை கொறஞ்சி... தூருக்குள்ள கறுப்பா, சிக்கு விழுந்த மசுரு மாதிரி கெடந்துச்சி. சில எடத்துல செடியே இல்ல.

— அதான், மடுவத்துல கொழுந்து நிறுக்கயில என் பேரக் கேட்டப்ப முழிச்சிக்கிட்டு நின்னேனாக்கும். அன்னைக்குப் பக்கத்து வீட்டு வேலாயி காம்பிராவுக்குள்ள போயி, நம்ம வீடுன்னு சோத்துப் பானையத் தொறந்து...

— விடு, பேச்சி.

— அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்புறம் நம்ம வாசலுக்கு வந்து நின்னப்ப பயமா இருந்துச்சிங்க. ரொம்பப் பயமா இருந்துச்சி.

— இங்க பாரு. நான் கவ்வாத்துக்காரன். மொட்டையா வெட்டிப் போடுற செடி திரும்பத் தளதளன்னு தளுத்து வருதுல்ல? இதுவும் அப்படித்தான். மருந்து குடுத்திருக்காரு. கொஞ்ச நாள்ல தளுத்துரும்.

— டாக்டரு சொன்னாரா?

— ...சொன்னாரு.

— சத்தியமா?

— வட்டகொடை வரப்போகுது. பையெல்லாம் எடு.

— இன்னும் அட்டனே வரல. என்னையப் பாருங்க. நீங்க கண்ணாடியில கண்ண வெச்சிக்கிட்டு இருந்தப்ப, டாக்டரு வாசல்ல வந்து நின்னுதான் அழகன்கிட்ட சிங்களத்துல சொன்னாரு. நான் சின்னப் புள்ளையில சிங்களவங்க வீட்டுல வேலைக்கு நின்னவ. எல்லாம் வெளங்கிச்சி. இதக் கொணமாக்க மருந்து இல்ல. பட்டுப்போனது தளுக்காது. கடைசியில உங்க மொகங்கூட எனக்குத் தெரியாமப் போயிரும். அட, அழுவாதீங்க. ஆளுங்க பாக்குறாங்க.

— எல்லாந் தெரிஞ்சிக்கிட்டா இம்புட்டு நேரம் கேட்டுக்கிட்டு வந்தே?

— நீங்க சொல்லச் சொல்ல அதிசயமா இருந்துச்சி. பொய் சொன்னதுங்கூட நல்லாத்தான் இருந்துச்சி.

— நான் என்னாடி செய்ய... ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?

— இன்னொண்ணு இருக்கு. கோவப்படக் கூடாது. நீங்க மருந்து வாங்க நின்னப்ப, டாக்டருகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். இன்னும் நெறையத் தலையத் தொறந்து பாத்தாத்தான் இந்த நோவுக்கு ஒரு வழி தெரியும்னு அழகன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் செத்தா என்னோடத எடுத்துக்கங்கன்னுட்டேன். நாளைக்கு இன்னொருத்தி தன் பேரு தெரியாம முழிச்சிக்கிட்டு நிப்பால்ல... அவளுக்காச்சும் ஒதவட்டும். கோவமா? முழுசாப் பொதைக்க முடியாதேன்னா? ஏங்க... பேசுங்களேன்.

— கோவம் இல்ல பேச்சி. டாக்டரு, பக்கத்துல வெச்சி ஒப்பிட்டுப் பாக்க நோவில்லாத மூளையும் ஒண்ணு வேணும், நம்ம சனத்தோடதா இருந்தா நல்லதுன்னாரு. என்னோடதத் தர்றேன்னு நானும் அந்த ரூமுக்குள்ள வெச்சே சொல்லிட்டேன்... இப்ப நீயும் குடுக்குறேன்னது நல்லதாப் போச்சி, ஒன்னையத் தனியா அந்தக் கண்ணாடிக்குள்ள விட எனக்கு மனசு வராதுடி.